வீட்டு மிளகாய் ஏன் சில வேளை உறைப்பதில்லை?

தோட்டப்புற லயங்களின் பின்பக்கம் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் மூன்றைக் காணலாம். ஒரு முருங்கை நிற்கும். ஒரு கறிவேப்பிலை நிற்கும். வேலி ஓரமாக நாலைந்து மிளகாய்ச் செடிகள் நிற்கும். முருங்கையும் கறிவேப்பிலையும் ஒரு தடவை வேர் பிடித்துக்கொண்டால் போதும். பிறகு அவை பாட்டுக்கு வளரும். மிளகாய் அப்படியன்று. ஒரு போகத்தில் கண்ணில் நீர் வரவழைக்கும். அடுத்த போகத்தில் வெள்ளரிப் பிஞ்சைப் போலச் சப்பென்று இருக்கும். அதே மண், அதே தண்ணீர், அதே கை. பின்னே ஏன் இந்த மாற்றம்? இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். அந்த வீட்டு மூதாட்டி, தோட்டத்தில் பால்மரங்கள் நின்ற காலத்திலிருந்து ஒரே மிளகாயை விதைத்து வந்தவர். அவருடைய மாமியார் கொடுத்த விதை அது. விரல் நீளம்தான் இருக்கும். ஆனால் இரண்டு காய் கிள்ளிப் போட்டால் ஒரு சட்டி மீன் குழம்புக்குப் போதும். வீட்டுக்குப் போக மிஞ்சியதை வாரச் சந்தையில் கூறு கட்டி விற்பார். அந்தக் காசு பேரப்பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு உதவும். முழங்கால் வலி வந்த பிறகு, செடிகளை மருமகளிடம் ஒப்படைத்தார்.

முதல் போகத்தில் ஒரு குறையும் இல்லை. இரண்டாம் போகத்தில், "காரம் கொஞ்சம் மட்டு" என்று வீட்டில் பேச்சு வந்தது. மூன்றாம் போகத்தில் சந்தையில் வழக்கமாக வாங்கும் ஒருவர், "என்னம்மா, இது மிளகாயா, வெண்டைக்காயா?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டார். அன்றிரவு வீட்டில் சச்சரவு.

"நாப்பது வருசமா என் கையில உறைச்ச மிளகா, உன் கை பட்டதும் செத்துப் போச்சு" என்றார் மாமியார்.

"நான் என்ன அத்தை செஞ்சேன்? நீங்க போட்ட எருவைத்தான் போட்டேன், நீங்க ஊத்தின மாதிரிதான் தண்ணி ஊத்தினேன்" என்று அழுதார் மருமகள்.

அக்கம்பக்கத்தார் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மண் சத்துப் போய்விட்டது என்றார் ஒருவர். கைராசி இல்லை என்றார் மற்றொருவர். கண்ணேறு என்றார் இன்னொருவர். நேயர்களே, இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வதற்கு முன், ஒரு மிளகாயை வெட்டிப் பார்ப்போம்.

நன்றாகச் சிவந்த மிளகாய் ஒன்றை எடுத்து, காம்பிலிருந்து நுனி வரை நெடுக்கில் இரண்டாகப் பிளந்து பாருங்கள். வெளியே சதை. உள்ளே, காம்பின் அடியிலிருந்து தொடங்கி வெளிறிய நிறத்தில் பஞ்சு போன்ற ஒரு தண்டு ஓடும். விதைகள் எல்லாம் அதில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். அதிலிருந்து மெல்லிய தடுப்புகள் பிரிந்து, சதையின் உட்பக்கத்தைத் தொட்டு நிற்கும். அந்த வெளிறிய பகுதிதான் மிளகாயின் காரம் உருவாகும் இடம்.

விதையில்தான் காரம் இருக்கிறது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். குழந்தைகளுக்குச் சமைக்கும்போது விதையைத் தட்டிவிட்டுப் போடுகிறோம். உண்மையில் விதை காரத்தை உண்டாக்குவதில்லை. காரமான பகுதியோடு ஒட்டியிருப்பதால் அந்தச் சாறு விதையின்மேல் படிகிறது, அவ்வளவுதான். காரத்தைக் குறைக்க வேண்டுமானால், விதையோடு அந்த வெளிறிய தண்டையும் தடுப்பையும் சுரண்டி எடுக்க வேண்டும். மிளகாயின் நுனியில் அந்தப் பகுதி குறைவு. காம்பின் பக்கம் அதிகம். ஆகவே நுனியை மட்டும் கடித்துப் பார்த்து, "இது உறைக்கவில்லை" என்று முடிவு கட்டுவது சரியன்று.

காரம் என்பது ஒரு பொருள். அதற்குக் கேப்சைசின் என்று பெயர். 1876-ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த தெரெஷ் என்பவர் அதைத் தனியே பிரித்தெடுத்து அந்தப் பெயரை இட்டார். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எண்ணெயில் கரையும், தண்ணீரில் எளிதில் கரையாது. மிளகாய் அரைத்த கையைத் தண்ணீரில் எத்தனை தரம் கழுவினாலும் எரிச்சல் போகாததற்குக் காரணம் இதுதான். முதலில் சிறிது சமையல் எண்ணெய் தடவித் தேய்த்து, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவினால் பெரும்பகுதி போய்விடும். வாய் எரிந்தால் தண்ணீரைவிடப் பாலும் தயிரும் நல்லவை.

நாக்கு எரிகிறதே, அது உண்மையான சூடா? இல்லை. நம் உடம்பின் நரம்புகளில் சூட்டை உணர்வதற்கென்று ஒரு வாயில் உண்டு. சுமார் 43 பாகை செல்சியசுக்கு மேல் சூடு பட்டால் அந்த வாயில் திறந்து, "சுடுகிறது" என்று மூளைக்குச் செய்தி அனுப்பும். கேப்சைசின் அதே வாயிலைத் திறந்துவிடுகிறது. சூடு இல்லாமலே சுடுவதாக மூளை ஏமாறுகிறது. இதை 1997-இல் கண்டறிந்த அமெரிக்க அறிஞர் டேவிட் ஜூலியஸ், 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை மற்றோர் அறிஞருடன் பகிர்ந்துகொண்டார். நம் அம்மியிலும் குழம்புச் சட்டியிலும் அன்றாடம் புழங்கும் பொருள்தான் அந்தக் கண்டுபிடிப்புக்கு வழி காட்டியது.

சரி, ஒரு செடிக்கு இந்தக் காரம் எதற்கு? நமக்குச் சுவை கூட்டுவதற்காகச் செடி அதை உண்டாக்கவில்லை. தன் விதையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் உண்டாக்குகிறது. எலி, அணில் போன்றவை மிளகாயைத் தின்றால் விதையைப் பல்லால் அரைத்துவிடும். பிறகு அது முளைக்காது. பறவைகளுக்குப் பல் இல்லை. விதை அவற்றின் வயிற்றைக் கடந்து முழுசாக எச்சத்தில் வெளிவந்து முளைக்கும். அது மட்டுமன்று; பறவைகளுக்கு மிளகாயின் காரம் உறைப்பதே இல்லை. மைனாவும் கொண்டைக்குருவியும் பழுத்த ஊசிமிளகாயை ஒன்றன்பின் ஒன்றாக விழுங்குவதை நாம் பார்த்திருக்கிறோம். யாரும் விதைக்காத ஊசிமிளகாய், வேலி ஓரத்திலும் மரத்தடியிலும் தானே முளைத்து நிற்பதன் இரகசியம் இதுதான். கூடவே, விதையை அழுக வைக்கும் பூசணத்தையும் காரம் தடுக்கிறது.

ஆனால் காரத்தை உண்டாக்கச் செடிக்குச் செலவு இருக்கிறது. தென் அமெரிக்காவின் பொலிவியா நாட்டில் வளரும் ஒருவகைக் காட்டு மிளகாயை ஆராய்ந்தவர்கள் ஒரு வியப்பைக் கண்டார்கள். ஒரே காட்டில், அடுத்தடுத்து நிற்கும் ஒரே இனச் செடிகளில், ஒன்று காரமாகவும் மற்றொன்று சற்றும் காரமில்லாமலும் இருந்தது. இரண்டும் நோயில்லாத, நல்ல செடிகள். ஆகவே நேயர்களே, மிளகாய் உறைக்காமல் போவது செடிக்கு வந்த நோயன்று. மண்ணின் சாபமும் அன்று. உறைப்பதைப் போலவே உறைக்காததும் அந்த இனத்தின் இயல்பில் உள்ளதுதான்.

மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன், போர்த்துக்கீசியரின் கப்பல்கள் வழியாகத்தான் அது ஆசியாவுக்கு வந்தது. அதற்குமுன் நம் முன்னோர் காரத்துக்கு மிளகையே நம்பியிருந்தார்கள். மிளகைப் போல உறைக்கும் காய் என்பதால்தான் நாம் அதை மிளகாய் என்கிறோம். அந்த ஐந்நூறு ஆண்டுகளில் மக்கள் தங்கள் நாக்குக்கும் சமையலுக்கும் ஏற்ப விதையைத் தெரிந்தெடுத்துத் தெரிந்தெடுத்து, எத்தனையோ வகைகளை உண்டாக்கிவிட்டார்கள். காரம் வேண்டியவர்கள் காரத்தைத் தெரிந்தெடுத்தார்கள். வேண்டாதவர்கள் அதைக் கழித்தார்கள்.

இதனால்தான் முதற் காரணம் விதை என்கிறோம். 1912-ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த ஸ்கோவில் என்ற மருந்தியல் வல்லுநர் காரத்தை அளக்க ஒரு வழி கண்டார். மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து, சுவைத்துப் பார்ப்பவர் நாக்கில் காரம் தெரியாமல் போகும் வரை மேலும் மேலும் தண்ணீர் கலந்துகொண்டே போவது அந்த முறை. எத்தனை மடங்கு கலக்க வேண்டியிருந்ததோ அதுவே காரத்தின் அளவு. இன்று கருவிகள் அளக்கின்றன. பெயர் மட்டும் ஸ்கோவில் அளவு என்றே நிலைத்துவிட்டது. அந்த அளவில் குடைமிளகாய் 0. மெக்சிகோ நாட்டின் ஹாலபேன்யோ மிளகாய் சுமார் 2,500 முதல் 8,000 வரை. நம் ஊசிமிளகாய், மலாய்க்காரர்கள் சிலி பாடி என்பது, 50,000-லிருந்து 1,00,000 வரையும் போகும். குடைமிளகாய்க்கு எந்த உரம் போட்டாலும் அது ஊசிமிளகாய் ஆகாது.

குடைமிளகாய் ஏன் உறைப்பதில்லை? காரத்தை உண்டாக்கும் வேலைக்கு விதைக்குள் ஒரு மரபணு இருக்கிறது. குடைமிளகாயில் அது பழுதுபட்டுக் கிடக்கிறது. 2005-இல் அந்த மரபணுவை அறிஞர்கள் அடையாளம் கண்டார்கள். அந்த மரபணு காரம் உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. உண்டென்றால் எவ்வளவு என்பதை வேறு பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. சந்தையில் நாம் வாங்கும் பெரிய சிவப்பு மிளகாய், பார்வைக்கும் எடைக்கும் நன்றாக இருக்கும். ஆனால் ஊசிமிளகாயின் காரம் அதில் இராது. கூலாய் என்ற வகையும் அந்தப் பெரிய மிளகாய்க் கூட்டத்தைச் சேர்ந்ததே. அதை நட்டுவிட்டு, ஊசிமிளகாயின் காரத்தை எதிர்பார்த்து ஏமாறுவது நம் தவறு.

இனி, அந்த மூதாட்டியின் வீட்டுக்குத் திரும்புவோம். அவர் விதையை மாற்றவில்லை. மாமியார் கொடுத்த அதே வழி விதைதான். அப்படியிருக்கக் காரம் எப்படிக் குறைந்தது?

விசாரித்ததில் ஒன்று தெரியவந்தது. மருமகள் பொறுப்பேற்ற அதே போகத்தில், அடுத்த வீட்டார் புதிதாக ஒரு மிளகாய் நட்டிருந்தார்கள். பருத்து நீண்ட, பஜ்ஜிக்கு ஏற்ற மிளகாய். அதில் காரம் மிகக் குறைவு. இரண்டு வீட்டுச் செடிகளுக்கும் நடுவே ஒரு வேலிதான்.

மிளகாய்ப் பூவைக் கவனித்திருப்பீர்கள். சிறிய வெள்ளைப் பூ. தலை கவிழ்ந்து தொங்கும். ஆண் பகுதியும் பெண் பகுதியும் ஒரே பூவில் இருக்கின்றன. பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே தான் காய்க்கும். ஆனால் தேனீக்களும், மலாய்க்காரர்கள் கெலுலுட் என்று சொல்லும் கொசுத்தேனீக்களும் வேலியைப் பார்ப்பதில்லை. இந்த வீட்டுப் பூவிலிருந்து அந்த வீட்டுப் பூவுக்கு மகரந்தத்தைச் சுமந்து செல்கின்றன. அப்போது பஜ்ஜி மிளகாயின் மகரந்தம் காரமிளகாயின் பூவில் சேர்ந்துவிடுகிறது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அப்படிக் கலப்பு ஏற்பட்டாலும், அந்தப் போகத்துக் காயின் காரம் மாறாது. ஏனென்றால் காயின் சதையும் உள்தண்டும் தாய்ச் செடியின் உடம்பு. கலப்பு நடந்திருப்பது உள்ளே இருக்கும் விதையில் மட்டும். ஆகவே முதல் போகத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அந்த விதையை எடுத்து நட்ட இரண்டாம் போகத்தில், கலப்பான செடிகள் தாய்க்கும் தந்தைக்கும் இடைப்பட்ட காரத்தோடு காய்த்தன. "கொஞ்சம் மட்டு" என்று பேச்சு வந்தது அப்போதுதான். அந்தச் செடிகளின் விதையை மறுபடி நட்ட மூன்றாம் போகத்தில், பாட்டனும் பாட்டியும் பேரப்பிள்ளைகளிடம் பலவிதமாக வெளிப்பட்டார்கள். சில செடிகள் நல்ல காரம்; சில நடுத்தரம்; சில வெறும் சப்பு. எல்லாக் காயையும் ஒரே கூடையில் கலந்து சந்தைக்குக் கொண்டுபோனால், வாங்கியவர் வெண்டைக்காயா என்று கேட்காமல் என்ன செய்வார்?

கலந்தது சற்றும் காரமில்லாத குடைமிளகாய் வகையாக இருந்தால், நாம் இன்னும் எளிதாக ஏமாறுவோம். அப்படிப் பிறக்கும் முதல் தலைமுறைச் செடிகள் எல்லாமே உறைக்கும். ஏனென்றால் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் நல்ல மரபணு வந்தாலே காரம் உண்டாகிவிடும். அதற்கடுத்த தலைமுறையில்தான், சராசரியாக நான்கு செடிகளில் ஒன்று அறவே காரமில்லாமல் நிற்கும். குறை விதையில் நுழைந்தது ஒரு காலத்தில்; வெளியே தெரிவது வேறொரு காலத்தில். அதனால்தான் குற்றம் அப்போது செடியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தலையில் விழுகிறது.

கடையில் வாங்கிய மிளகாயிலிருந்து விதை எடுப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். இன்று விற்பனைக்குப் பயிரிடப்படும் மிளகாய்களில் பல, வேண்டுமென்றே இரண்டு வகைகளைக் கலந்து உண்டாக்கிய கலப்பின விதையில் வளர்ந்தவை. அந்தச் செடி நன்றாகக் காய்க்கும். ஆனால் அதன் விதையை நட்டால் பிள்ளைகள் எல்லாம் தாயைப் போல இருக்கமாட்டார்கள். வாங்கிய காய் உறைத்ததே, அதன் விதையில் வந்த செடி உறைக்கவில்லையே என்றால், காரணம் பெரும்பாலும் இதுதான்.

இரண்டாவது காரணம், பறிக்கும் காலம். காரம் பிஞ்சிலேயே இருப்பதில்லை. பூத்துச் சுமார் 20 நாள் ஆன பிறகே அது சேரத் தொடங்குகிறது. 40-லிருந்து 50 நாள் வரை ஏறிக்கொண்டு போகிறது. வகைக்கு வகை சில நாள்கள் முன்பின் ஆகலாம். பிறர் பறித்துவிடுவார்கள் என்றோ, சந்தை நாள் வந்துவிட்டது என்றோ பிஞ்சாகப் பறித்தால், காரம் சேருமுன் பறித்துவிட்டோம் என்று பொருள். பச்சையாக வேண்டுமென்றாலும், காய் முழு நீளம் எட்டி, தோல் தடித்து, பளபளப்போடு நிறம் அடர்ந்த பிறகு பறிக்க வேண்டும்.

மூன்றாவது காரணம், தண்ணீர். மழை விடாமல் கொட்டும் மாதங்களில் காரம் குறைவதாகவும், வெயில் காலத்தில் கூடுவதாகவும் நம் பெண்கள் சொல்வார்கள். பல வகை மிளகாய்களில் நடத்திய சோதனைகளும் தண்ணீர் சற்றுக் குறையும்போது காரம் கூடுவதைக் காட்டியுள்ளன. எல்லா வகையும் ஒரே அளவில் மாறுவதில்லை. ஆகவே பூக்கும்போது தண்ணீரைக் குறைக்காதீர்கள், பூ உதிர்ந்துவிடும். காய் பிடித்துப் பருக்கத் தொடங்கிய பின், மேல்மண் ஒரு விரற்கடை காய்ந்ததைப் பார்த்து ஊற்றினால் போதும். செடி வாடித் தொங்கும் வரை காயப் போடுவதும் தவறு. வாடிய செடியில் காயே குறைந்துவிட்டால் காரம் இருந்து என்ன பயன்? பாத்திரம் கழுவிய தண்ணீரை நேரம் பார்க்காமல் செடியடியில் கொட்டும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்.

உரத்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். காரத்துக்கென்று தனி உரம் ஒன்றும் இல்லை. யூரியாவை மட்டும் அள்ளிப் போட்டால் இலை கருகருவென்று செழிக்கும், பூ குறையும். மக்கிய மாட்டெருவும் ஆட்டெருவும், சிறிது அடுப்புச் சாம்பலும் போதும். நம் நாட்டு மண் பெரும்பாலும் புளிப்பு மண்; சாம்பல் அந்தப் புளிப்பைச் சற்றே தணிக்கும். வெயில் நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது படும் இடமாகப் பாருங்கள். செம்பனை நிழலில் நட்ட மிளகாய், உயரமாக வளருமே தவிர நன்றாகக் காய்க்காது.

இனி உங்கள் வீட்டு மிளகாய் உறைக்கவில்லையென்றால், எது காரணம் என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். எல்லாச் செடியும், எல்லாக் காலத்திலும், பழுத்த பிறகும் உறைக்கவில்லையா? நட்ட வகையே அப்படிப்பட்டது. ஒரே வரிசையில் ஒரு செடி உறைத்து, மற்றொன்று உறைக்கவில்லையா? விதையில் கலப்பு நேர்ந்திருக்கிறது. பச்சைக் காய் சப்பென்று இருந்து, சிவந்த காய் உறைக்கிறதா? பறித்த காலம் தவறு. முன்பு உறைத்த அதே செடி, தொடர்மழைக்குப் பின் மட்டும் மந்தமாகிவிட்டதா? தண்ணீர்தான் காரணம். ஒரே செடியில், ஒரே நாளில் பறித்த இரண்டு காய்களில் ஒன்று உறைத்து மற்றொன்று உறைக்கவில்லையா? அது இயல்பு, காய்க்குக் காய் வேறுபாடு உண்டு. ஸ்பெயின் நாட்டில் பதிரோன் என்னும் ஒரு மிளகாயை வறுத்துத் தின்பார்கள். தட்டில் உள்ளவற்றில் எது உறைக்கும், எது உறைக்காது என்று தின்று பார்த்தால்தான் தெரியும். ஆகவே ஒரு செடியைச் சோதிக்க ஒரே காயை நம்பாமல், நன்கு பழுத்த மூன்று நான்கு காய்களைப் பாருங்கள். காயைக் காம்பின் பக்கம் பிளந்து, உள்தண்டை நாக்கு நுனியால் தொட்டால் போதும். அந்தக் கையைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள். குழந்தையைத் தூக்குமுன் கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.

நல்ல விதை கையில் இருந்தால் அதை எப்படிக் காப்பது? பக்கத்து வீட்டாரை நடாதே என்று சொல்ல முடியாது. லயத்தில் செடிகளை வெகுதூரம் தள்ளி நடவும் இடமில்லை. ஆனால் ஒரு பழைய வேட்டித் துணி இருந்தால் போதும். மெல்லிய துணியில் கை அகலத்துக்கு ஒரு பை தைத்துக்கொள்ளுங்கள். நன்றாக உறைக்கும் செடியில் மொட்டுகள் நிறைந்த ஒரு கிளையைத் தெரிந்தெடுங்கள். அதில் ஏற்கெனவே விரிந்த பூவையும் பிடித்த பிஞ்சையும் கிள்ளிவிடுங்கள். விரியாத மொட்டுகள் மட்டும் உள்ளே இருக்கும்படி பையைப் போட்டு, வாயைத் தளர்வாகக் கட்டுங்கள். தேனீ உள்ளே போகாது. காலையில் கிளையை மெதுவாக ஆட்டிவிட்டால் பூ தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, அந்தக் காய்களின் காம்பில் சிவப்பு நூல் கட்டிவையுங்கள். வீட்டில் எல்லாருக்கும் சொல்லுங்கள்: சிவப்பு நூல் கட்டிய காயைக் குழம்புக்குப் பறிக்கக்கூடாது.

அந்தக் காய் செடியிலேயே முழுதாகச் சிவக்கட்டும். பிறகு பறித்து, விதையை எடுத்து, நிழலில் காற்றோட்டமாகக் காயவையுங்கள். கடும் வெயிலிலும் அடுப்பு மேட்டிலும் வேண்டாம். விதை வளையாமல் ஒடியும் பக்குவம் வந்ததும், மூடியுள்ள போத்தலில் போட்டு, ஒரு சிறு துணியில் வறுத்து ஆறவைத்த அரிசியை முடிந்து உள்ளே வையுங்கள். அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். எந்தச் செடி, எந்த மாதம் என்று ஒரு சீட்டில் எழுதிப் போடுங்கள். ஒரே செடியை நம்பாமல் நாலைந்து செடிகளிலிருந்து எடுப்பது நல்லது. அப்படி வைத்த விதை இரண்டு மூன்று ஆண்டு தாங்கும். எல்லாவற்றையும் ஒரே போகத்தில் நட்டுவிடாமல், பாதியை எப்போதும் மிச்சம் வையுங்கள்.

கலப்பு நேர்ந்துவிட்டால் பழைய காரம் தொலைந்தே போய்விட்டதா? இல்லை. செடிகளுக்கு எண்ணிட்டுக்கொண்டு, ஒவ்வொன்றையும் சோதித்து, நன்றாக உறைக்கும் செடிகளில் மட்டும் துணிப் பை கட்டி விதை எடுக்க வேண்டும். அடுத்த போகத்திலும் அப்படியே. நம் நாட்டின் வெயிலிலும் மழையிலும் ஆண்டுக்கு இரண்டு போகம் எடுக்கலாம். நாலைந்து போகம் பொறுமையாகத் தெரிந்தெடுத்து வந்தால் காரம் நிலைப்படும்.

அந்தக் குடும்பத்தில் நடந்ததும் இதுதான். மூன்றாம் போகத்தில் நின்ற பதினோரு செடிகளில் நாலு நன்றாக உறைத்தன. மாமியார் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சுவைத்துப் பார்த்துச் சொல்ல, மருமகள் கிளையில் பை கட்டினார். காரத்தின் அடையாளம் மாமியாரின் நாக்கில் இருந்தது. அதைக் காக்கும் வேலை மருமகளின் கையில் இருந்தது. "அன்னைக்கு உன்னைப் பேசினது தப்பும்மா" என்று அந்த மூதாட்டி வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் விதைப் போத்தலை எடுத்து மருமகளின் அலமாரியில் வைத்துவிட்டார். அதற்கு மேல் என்ன வேண்டும்?

நேயர்களே, பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்தில் பிறந்தவர்கள் பலர் இன்று அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறார்கள். முருங்கையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. மிளகாய் விதையை ஒரு போத்தலில் எடுத்துச் செல்லலாம். அஞ்சடியில் வெயில் படும் ஓரமாக ஒரு தொட்டி இருந்தாலும் அது காய்க்கும். தொட்டி வாங்க வசதியில்லையென்றால் பழைய எண்ணெய்த் தகரமோ வாளியோ அடியில் துளையிட்டுப் போதும். களைக்கொல்லி வந்த கலன்களை மட்டும் எக்காரணம் கொண்டும் எடுக்காதீர்கள்.

நம் பாட்டிமார் நமக்கு நிலம் எழுதி வைக்கவில்லை. ஒரு பிடி விதையை விட்டுச் சென்றிருக்கிறார்கள். மிளகாய் உறைக்காமல் போனால் யார் கைராசி என்று தேடாதீர்கள். விதையைப் பாருங்கள், பறித்த நாளைப் பாருங்கள், ஊற்றிய தண்ணீரைப் பாருங்கள். மூன்றும் நம் கையில் இருக்கின்றன.